பந்தை முந்தும் பார்வை

நுழையும்முன்

ஆடுகளத்தில் சிறந்து விளங்குவோரைக் கண்டு, ‘இவருக்குப் பிறவியிலேயே கூர்மையான கண்’ என வியப்பது நம் வழக்கம். அதே எண்ணம், மூக்குக்கண்ணாடி அணிந்த மாணவர் பலரை ஆடுகளத்தின் ஓரத்திலேயே நிறுத்திவிடுகிறது. கண்ணின் கூர்மை வேறு. ஆட்டத்திற்கு வேண்டிய பார்வைத்திறன் வேறு. பின்னது பயிற்சியால் வளர்வது.

மட்டைப்பந்தாட்டத்தில் இரு முனைகளிலும் நடப்பட்ட குச்சிகளுக்கு இடைப்பட்ட தொலைவு 20.12 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து, மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை வினாடியே ஆகும். கண்டதை மூளை உணர்ந்து, கை அசையத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 0.2 வினாடி செலவாகிறது. பந்து எங்கே விழும், எவ்வளவு எழும் என்பவற்றை அறிந்து, மட்டையைச் சுழற்றவும் வேண்டும். இவ்வளவு குறுகிய நேரத்தில் இஃது எவ்வாறு இயல்கிறது?

இருவகைப் பார்வை

கண் மருத்துவர், சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார். அங்கே எழுத்தும் அசைவதில்லை, படிப்பவரும் அசைவதில்லை. அது நிலைப்பார்வை. ஆடுகளத்திலோ பந்தும் இயங்குகிறது; ஆடுபவரும் இயங்குகிறார். அச்சூழலில் தெளிவாகக் காணும் திறனை இயங்குநிலைப் பார்வை என்பர்.

விழித்திரையின் நடுவிலுள்ள மிகச்சிறிய பகுதியே நுண்ணிய விவரங்களைக் காட்டவல்லது. ஆகவே, இயங்கும் பொருளின் உருவம் அப்பகுதியிலேயே விழுமாறு கண்கள் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கோர் எல்லை உண்டு. தொலைவில் செல்லும் தொடர்வண்டியின் பெட்டிகளை எளிதில் எண்ணிவிடுகிறோம். நடைமேடையில் நிற்கும்போது, நில்லாமல் விரையும் வண்டியின் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்க இயல்வதில்லை. பொருள் அருகில் கடக்கும்போது, கண் திரும்ப வேண்டிய வேகம் பன்மடங்காகிறது என்பதே காரணம். விரைந்து வரும் பந்தும் இவ்வாறே இறுதிக் கட்டத்தில் கண்ணை ஏமாற்றிவிடுகிறது.

விழி தாவும் இடம்

மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் என்னும் ஆய்வாளர்கள், திறமையில் வேறுபட்ட மூன்று மட்டையாளர்களின் விழி அசைவுகளைப் பதிவுசெய்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டனர். இயந்திரம் வீசிய பந்துகளை அம்மூவரும் எதிர்கொண்டனர். அவர்களின் விழிகள் பந்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை பின்தொடரவில்லை. பந்து புறப்படும் இடத்தைச் சிறிது நேரம் நோக்கின; பின்னர், அது தரையில் படப்போகும் இடத்திற்கு முன்கூட்டியே தாவிக் காத்திருந்தன; பந்து பட்டெழுந்தபின் மீண்டும் அதனைத் தொடர்ந்தன. மூவருள் சிறந்தவரின் விழியே மற்றவர்களைவிட விரைந்து தாவியது.

சிறந்த ஆட்டக்காரரின் பார்வை பந்தின் பின்னே ஓடுவதன்று. பந்தை முந்திச் சென்று நிற்பது என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. முந்திச் செல்ல வழிகாட்டுவது கண் மட்டுமன்று. பலமுறை ஆடிப் பெற்ற பட்டறிவும் ஆகும். வீச்சாளரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு ஆகியவற்றிலிருந்தே பந்தின் போக்கைத் தேர்ந்த ஆட்டக்காரர் கணித்துவிடுகிறார்.

ஒற்றைக் கண்ணின் வெற்றி

மன்சூர் அலிகான் பட்டோடியின் வாழ்க்கை இதற்குச் சான்று. 1961ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நேர்ந்த மகிழுந்து விபத்தில் அவருடைய வலக்கண் பார்வை பாதிக்கப்பட்டது. பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அவர் மனம் தளரவில்லை. தொப்பியை வலக்கண்ணின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆடப் பழகினார். சில மாதங்களிலேயே இந்திய அணியில் இடம்பெற்று, 1962 சனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் எடுத்தார். அதே ஆண்டு, தம் 21ஆம் வயதில், இந்திய அணியின் தலைவரானார்.

பயிற்சியின் வழி

ஆஸ்திரேலிய வீரர் டான் பிராட்மன், சிறுவனாக இருந்தபோது பந்தாடியது குழிப்பந்தையும் மட்டைப்பந்துக் குச்சியையும் கொண்டுதான். நீர்த்தொட்டியின் வளைந்த அடிச்சுவரில் மோதி எதிர்பாராத திசையில் திரும்பும் பந்தை, அவர் ஓயாது அடித்துப் பழகினார். தேர்வுப் போட்டிகளில் அவருடைய சராசரி 99.94. ஆயினும், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராணுவத்தில் செய்த சோதனை, அவருடைய கண்பார்வை குறைவானது எனக் காட்டியது!

நீங்களும் எளிய பயிற்சிகளை மேற்கொள்ளலாம். மென்பந்தின்மீது பல இடங்களில் எண்களை எழுதிக் கயிற்றில் தொங்கவிட்டு ஆட்டுங்கள். தலையை அசைக்காமல் கண்களால் தொடர்ந்து எண்களைப் படியுங்கள். பழகியபின், நண்பர் மெதுவாக எறியும் பந்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே பிடியுங்கள். ஒருவர் பந்து வீசும் காணொளியை, பந்து கையைவிட்டு விலகும் நொடியில் நிறுத்தி, அது விழும் இடத்தைக் கணித்துச் சொல்லுங்கள். பின்னர்க் காணொளியை ஓட்டிச் சரிபாருங்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஆட்டத்தோடு தொடர்பில்லாத பொதுவான கண்பயிற்சிகள் மட்டும் ஆட்டத்திறனை உயர்த்துவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நீச்சலை நீரில்தானே கற்க வேண்டும்! அவ்வாறே, இறகுப்பந்து ஆடுபவர் இறகுப்பந்தைக் கொண்டும், கபடி ஆடுபவர் எதிரணி வீரரின் காலசைவைக் கொண்டும் பார்வையைப் பழக்க வேண்டும். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் முதலில் கண் மருத்துவரை நாடுங்கள். கண்ணாடி தேவையெனில் தயங்காது அணியுங்கள். ஆடும்போது எளிதில் உடையாத வில்லைகளைக் கொண்ட கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணாடி அணிந்த நண்பர் இனி உங்களோடு ஆட வந்தால், ‘உனக்குக் கண் தெரியாது’ என்று விலக்காதீர்கள். பந்து எங்கே வரும் என்பதை, பழகப் பழக, உங்களுக்கு முன்பே அவர் கண்டுவிடக்கூடும்.