வலது பக்கம் உட்காருங்கள்

வைகை அணைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காரில் வருவார்கள். பூங்காவில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால், அந்தத் தண்ணீர் வந்த வழியைப் பஸ்ஸிலேயே பார்த்து வரலாம். கார் வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறி ஆண்டிபட்டியில் இறங்கி மாறலாம். 2022-ல் தேனி வரைக்கும், 2023-ல் போடி வரைக்கும் அகலப்பாதை ரயில் வந்துவிட்டதால் ஆண்டிபட்டிக்கு ரயிலும் உண்டு. கிளம்பும் முன் நாளிதழில் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1959-ல் திறந்த இந்த அணையின் முழு மட்டம் 71 அடி. 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். அந்தச் சமயத்தில் வந்தால் கண்ணுக்கு விருந்து. கோடையில் வந்தால் பூங்காதான் மிச்சம். இந்த நீர்த்தேக்கத்துக்காக முழுகிப்போன ஊர்களின் கதைதான் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தத் தண்ணீர் வேறு மாதிரி தெரியும்.

இரவு தேனியில் தங்குங்கள். காலையில் ஏழு மணிக்குள் குமுளி பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். தேனியில் பழைய பஸ் ஸ்டாண்ட், புது பஸ் ஸ்டாண்ட் என்று இரண்டு உண்டு. எங்கே ஏறுவது என்று முந்தின நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஏறும் முன் கண்டக்டரிடம், “அண்ணே, சின்னமனூர், கம்பம் எல்லாம் ஊருக்குள்ள போகுமா, பைபாஸ்ல போயிருமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பைபாஸில் போனால் அரை மணி மிச்சமாகலாம். ஆனால் நீங்கள் பார்க்க வந்ததில் பாதி போய்விடும்.

எந்தப் பக்கம் உட்காருவது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. மேற்கே கேரள எல்லை மலை, கிழக்கே மேகமலை. காலையில் தெற்கே போகும்போது வெயில் இடது சன்னலில் அடிக்கும். அதே வெயில் வலப்பக்கம் உள்ள மேற்கு மலையில் விழுந்து ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியாகக் காட்டும். சாயங்காலம் வடக்கே திரும்பும்போது வெயில் மறுபடி இடப்பக்கம்தான். வலப்பக்கம் இப்போது மேகமலை, மஞ்சள் வெயிலில் நிற்கும். ஆக, போகவும் வரவும் வலது பக்கம். பஸ்ஸை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

வீரபாண்டி தாண்டியதும் வயல் தொடங்கிவிடும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஜூனில் தண்ணீர் திறந்தால், நடவு முடிந்த ஆடி மாதத்தில் பச்சை கண்ணைப் பறிக்கும், சாரலும் சேர்ந்துகொள்ளும். சின்னமனூரைச் சுற்றி வாழை. உத்தமபாளையம் தாண்டினால் திராட்சைப் பந்தல்கள் ரோட்டோரம் வரை வரும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பத்தில் இறங்கி அரைக் கிலோ வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். இந்த ரோட்டில் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது.

லோயர் கேம்ப்பில் கட்டாயம் இறங்குங்கள். மலை உச்சியிலிருந்து ராட்சதக் குழாய்கள் செங்குத்தாக இறங்கி மின்நிலையத்துக்குள் போவது தெரியும். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து இங்கேதான் விழுகிறது. மின்சாரம் கொடுத்துவிட்டு, கம்பம், உத்தமபாளையம், வீரபாண்டி என்று ஓடி, வைகையில் கலந்து, நேற்று நீங்கள் பார்த்த அணைக்குப் போய்ச் சேருகிறது. பென்னிகுவிக் மணிமண்டபமும் இங்கேதான். அதற்கு மேல் குமுளி வரை மலை ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு பக்கம் மாறிக்கொண்டே இருப்பதால் அங்கே மட்டும் இடது வலது பார்க்க வேண்டாம். முன் சீட் கிடைத்தால் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

மேகமலையை இதே நாளில் சேர்க்காதீர்கள். சின்னமனூரிலிருந்து மேகமலையில் உள்ள ஹைவேவிஸ் போகும் பஸ்கள் ஒரு நாளைக்குச் சிலதான். தென்பழனி சோதனைச் சாவடி தாண்டினால் காடு. 2021 முதல் அது புலிகள் காப்பகம். நான் ஒருமுறை கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, காய்கறி இறக்க வந்த ஜீப்பில் காலிச் சாக்குகளோடு கீழே வந்தேன். அதிலிருந்து மலை ஊர்களுக்குப் போனால் இறங்கியதும் முதல் வேலை டீக்கடையில் விசாரிப்பதுதான்: “கீழே போக கடைசி வண்டி எத்தனை மணிக்கு?” போன் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள், டீக்கடைக்காரர் சொல்வதை நம்புங்கள்.

டவுன் பஸ்ஸில் பெரும்பாலும் இடது வரிசை பெண்களுக்கு. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் 2021 முதல் அவர்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. தேனியிலிருந்து அணைக்கு, கம்பத்திலிருந்து சுருளி அருவிக்கு என்று சின்னச் சின்னப் பயணங்களுக்கு டவுன் பஸ்ஸே போதும். சில்லறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கண்டக்டர் முகம் மாறிவிடும்.