துருவேறிய திருகாணிகள்

கோலார் தங்கவயல் தங்கத்தால் பெயர் பெற்ற ஊர். எனினும் அவ்வூரை இரும்பின் ஊர் என்று கூறினாலும் பொருந்தும். நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மைசூர், உரிகம் முதலிய சுரங்கங்களில் பாறையைத் துளைத்த இயந்திரமும், ஆட்களை ஏற்றி இறக்கிய கூண்டும், அதனைத் தாங்கிய கம்பி வடமும், நீரை இறைத்த பம்பும், பாறையை மாவாக இடித்த ஆலையும் இரும்பாலும் எஃகாலும் ஆனவை. அவற்றின் உறுப்புக்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தியவை திருகாணிகள். வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறிய நம்மவர் பூமிக்கடியில் உழைத்தது போலவே, மேலே பட்டறைகளிலும் இத்திருகாணிகளைக் கழற்றியும் பூட்டியும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் பயின்றனர்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பம்புகள் நின்றன, சுரங்கக் குழிகளில் நீர் நிறைந்தது, பயனின்றி நின்ற இரும்பில் துரு படர்ந்தது. அக்குடும்பங்களைச் சேர்ந்தோர் பலர் இன்று விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். வீட்டில் ஒரு பழைய கார் இருக்குமாயின், அதனைப் பழுது பார்க்கக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர் பலருக்கும் இதே நிலைதான். அந்த ஒரு நாளில் தம் கையாலேயே வேலையைத் தொடங்குவோருக்கு முதல் இடையூறாக வந்து நிற்பது துருவேறி அசைய மறுக்கும் திருகாணியே. அதனை முறியாமல் கழற்றுவது எவ்வாறு, முறிந்துவிட்டால் செய்யத்தக்கது யாது என்பதை இங்குக் காண்போம்.

துரு என்பது யாது?

இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் சேரும்போது துரு உண்டாகிறது. இவ்விரண்டில் ஒன்று இல்லாவிடினும் துரு தோன்றாது. நீரில் உப்புக் கலந்திருப்பின் இச்செயல் விரைவாக நிகழும். ஆதலால், கடற்காற்று வீசும் மும்பையிலும் சென்னையிலும் ஓடும் காரின் அடிப்பாகம், உள்நாட்டுப் பீடபூமியிலுள்ள தங்கவயலில் ஓடும் காரின் அடிப்பாகத்தைவிட விரைவில் கெடுகிறது.

துருவானது, தான் எந்த இரும்பிலிருந்து உண்டாயிற்றோ அந்த இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். திருகாணியின் உடலில் சுற்றிச்சுற்றிச் செல்லும் வரிகளை நம் தொழிலாளர் 'மரை' என்பர். போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் இடையே உள்ள வெளி மயிரிழை அளவே. அச்சிறு வெளியில் துரு பெருத்து, ஆப்பு அடித்தாற்போல் இரண்டையும் இறுக்கிவிடுகிறது.

தில்லிவாசிகள் இவ்விடத்தில் மெஹ்ரௌலி இரும்புத் தூணை நினைக்கக் கூடும். சுமார் 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் அத்தூண் ஏன் அரிக்கப்படவில்லை? கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதனை விரிவாக ஆராய்ந்தவர். அவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் அதன் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகியுள்ளது என்று அவர் விளக்கினார். இக்காலத்துப் போல்ட்டு எஃகில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அத்தகைய இயற்கைக் காப்பு அதற்கு இல்லை.

வலிமை ஏன் உதவாது?

திருகாணி அசையவில்லை என்றால் ஸ்பானரின் கைப்பிடியில் நீண்ட குழாயைச் செருகி அழுத்துவது பலரின் வழக்கம். அதனால் விளைவது யாது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரை ஒருவர் 20 கிலோகிராம் விசையோடு இழுத்தால், திருகாணிமேல் விழும் முறுக்கு 5 கிலோகிராம்-மீட்டர். கார்களில் சாதாரணமாகக் காணப்படும் 10 மில்லிமீட்டர் போல்ட்டு, தலையில் 8.8 என்னும் தர எண் பொறித்தது, ஏறத்தாழ 7 கிலோகிராம்-மீட்டர் முறுக்கில் முறிந்துவிடும். 75 சென்டிமீட்டர் குழாயைக் கொண்டு அதே விசையோடு இழுத்தால் முறுக்கு 15 கிலோகிராம்-மீட்டர் ஆகிறது. போல்ட்டு தாங்கக்கூடியதைப் போல இரு மடங்குக்கும் அதிகம்! ஆகவே, குழாய் துருவை வெல்வதற்கு முன் போல்ட்டையே முறித்துவிடுகிறது. துருவின் பிடியைத் தளர்த்துவதே நம் வேலை; நம் வலிமையைப் பெருக்குவதன்று.

கழற்றும் முறை

முதலாவது, தூய்மை. வெளியே தெரியும் மரையில் படிந்த மண்ணையும் துருவையும் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்குக. நட்டு கடந்து வரவேண்டிய வழி அதுவே. அழுக்கு மேலே கிடக்குமாயின் எண்ணெயும் உள்ளே இறங்காது.

இரண்டாவது, சரியான ஸ்பானர். பழைய அம்பாசிடர் காரின் திருகாணிகள் அங்குல அளவினவை. பத்மினி, மாருதி ஆகியவற்றில் மில்லிமீட்டர் அளவு. பின்னாளில் இசுசு எஞ்சின் பொருத்தப்பெற்ற அம்பாசிடரில் இரண்டும் கலந்திருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதன்மேல் 13 மில்லிமீட்டர் ஸ்பானரும் உட்காரும். ஆயினும் சிறிது ஆடும். அந்தச் சிறு ஆட்டமே தலையின் முனைகளை மழுக்கிவிடும். மழுங்கிய தலை, முறிந்த தலையைப் போன்றதே. வாய் திறந்த ஸ்பானரைத் தவிர்த்து, ஆறு முனையுள்ள சாக்கெட்டையோ ரிங் ஸ்பானரையோ கொள்ளுதல் நலம்.

மூன்றாவது, எண்ணெயும் காலமும். கடைகளில் கிடைக்கும் துருநீக்கி எண்ணெய் சிறந்தது. அது கிடையாத இடத்தில் மண்ணெண்ணெயுடன் சிறிது எஞ்சின் ஆயில் கலந்து பயன்படுத்தலாம். தடவியவுடன் திருகுதல் கூடாது. ஞாயிற்றுக்கிழமை செய்யப்போகும் வேலைக்கு வெள்ளிக்கிழமை இரவே எண்ணெய் இடுக. சனிக்கிழமை காலையும் மாலையும் மீண்டும் இடுக. நுண்ணிய இடைவெளியில் எண்ணெய் தானே ஊர்ந்து செல்ல வேண்டும். அதனை விரைவுபடுத்த இயலாது. பிரேக் டிஸ்க்கிலும் பிரேக் கட்டைகளிலும் ஒரு துளி எண்ணெயும் படாமல் துணியால் மூடிவைத்தல் இன்றியமையாதது.

நான்காவது, தட்டுதல். போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராகவும் அளவாகவும் பலமுறை தட்டுக. துரு உடைந்து பொடியாகும் தன்மையது. எஃகு அதிர்ச்சியைத் தாங்கும். ஓங்கி அடிக்கும் ஓர் அடியைவிடச் சிறு தட்டுகள் பல பயன் தரும். பக்கவாட்டில் அடித்தலாகாது, மரை நசுங்கிவிடும்.

ஐந்தாவது, அசைத்தல். இடஞ்சுழியாகத் திருப்புவதற்கு முன் வலஞ்சுழியாக இம்மியளவு இறுக்கிப் பாருங்கள். துருவின் பிணைப்பு அதனாலேயே விட்டுப்போவதுண்டு. சிறிது கழன்றதும் தொடர்ந்து திருகாமல், கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னுமாகத் திருப்பி, இடையிடையே எண்ணெய் இடுக. பொடியான துரு வெளியேற இதுவே வழி. போல்ட்டு திரும்புவதுபோல் தோன்றிக் களிமண்ணை முறுக்குவது போன்ற உணர்ச்சி கையில் தட்டுமாயின் உடனே நிறுத்துக. அது முறியும் தறுவாயில் உள்ளது.

ஆறாவது, வெப்பம். இரும்பு, ஒரு டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திற்குத் தன் அளவில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரிகிறது. 10 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டு 200 டிகிரி சூடேறினால், துளை ஏறத்தாழ 0.024 மில்லிமீட்டர் அகலும். துருவின் பிடி விட அதுவே போதும். வெளியே உள்ள நட்டைச் சூடாக்க வேண்டுமேயன்றி, உள்ளே உள்ள போல்ட்டையன்று. சூடான நட்டின் விளிம்பில் மெழுகுவர்த்தியை வைத்தால், உருகிய மெழுகு மரைக்குள் இழுக்கப்பட்டு எண்ணெயைப் போல் உதவும். ஆனால் பெட்ரோல் தொட்டி, எரிபொருள் குழாய், பிரேக் குழாய், ரப்பர் புஷ் ஆகியவற்றின் அருகில் நெருப்பைக் கொண்டுசெல்லுதல் அறவே கூடாது. முன்பே துருநீக்கி எண்ணெய் இட்ட இடத்தை நன்கு துடைத்த பின்னரே சூடேற்ற வேண்டும். துத்தநாக முலாம் பூசிய திருகாணியைச் சூடாக்கினால் எழும் புகை தீங்கு விளைப்பது. காற்றோட்டமுள்ள வெளியிடத்திலேயே செய்க.

முறிந்த பின்னர்

இவ்வளவும் செய்தும் சில முறிந்தே தீரும். அதன் பிறகு செய்வதைப் பொறுத்தே இழப்பு சிறிதா பெரிதா என்பது அமையும்.

நட்டு மட்டும் கழலவில்லையெனில் அதனை உளியால் பிளக்கலாம். ஹாக்ஸா பிளேடால் அறுக்கலாம். நட்டின் விலை சிறிது. தலை முறிந்து போல்ட்டின் ஒரு பகுதி வெளியே நீண்டிருந்தால், ரெஞ்சால் இறுகப் பிடித்துத் திருப்பலாம். வெல்டிங் பட்டறையில் அதன்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தால், புதிய தலை கிடைப்பதோடு அவ்வெப்பமே துருவையும் தளர்த்திவிடும். கைவினைஞர் மிகவும் நம்பும் முறை இதுவே. வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

போல்ட்டு துளைக்குள்ளேயே முறிந்திருந்தால், முதலில் அதன் மேற்பரப்பை அரத்தால் சமமாக்கி, நட்டநடுவில் சென்டர் பஞ்சால் குறியிடுக. பின் 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் தொடங்கிப் படிப்படியாகத் துளையைப் பெரிதாக்குக. நடுப்புள்ளி தவறினால் போல்ட்டைச் சூழ்ந்துள்ள மரை பழுதாகும். எஞ்சினின் அலுமினியப் பாகமாயின் அது பெருஞ்செலவு. துளைக்குள் செலுத்தி இடஞ்சுழியாகத் திருப்பும் எக்ஸ்ட்ராக்டர் என்னும் கருவி உண்டு. அது மிகக் கடினமான எஃகால் ஆனது, வளையாது, உடையும். உள்ளே உடைந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதனைத் துளைக்காது. எனவே, மிதமான முயற்சிக்கு அசையாவிடில் அப்படியே விட்டு, லேத்துப் பட்டறைக்கு எடுத்துச் செல்வதே அறிவுடைமை. மரை கெட்டிருந்தால், அங்கே துளையைச் சற்றுப் பெரிதாக்கி எஃகுக் கம்பிச்சுருளைப் பொருத்தி, பழைய அளவிலேயே புதிய மரை அமைத்துத் தருவர்.

பாதுகாப்பும் மறுபூட்டலும்

ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் படுத்தலாகாது. இறுகிய திருகாணியை இழுக்கும் விசையே காரை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். உறுதியான ஸ்டாண்டுகளைச் சமதரையில் நிறுத்தி, தரையிலுள்ள சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே அடியில் செல்க. கண்ணாடி அணிக, துருத்தூள் கண்ணில் விழுவது எளிது. சக்கர நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே முதலில் தளர்த்திக்கொள்க.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து, வேலை முடிந்தது என்று மகிழும் நேரத்தில்தான் உள்ளது. முறிந்த போல்ட்டுக்குப் பதிலாக, கையில் கிடைத்த மெலிந்த போல்ட்டையோ தர எண் இல்லாத போல்ட்டையோ பூட்டி, 'இப்போதைக்கு இருக்கட்டும்' என்று விடுவோர் உண்டு. இருக்கையைத் தாங்கும் இடத்திலும் அது தவறே. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஆகிய இடங்களில் அது உயிருக்கு இறுதி. தலையிலுள்ள 8.8 என்னும் எண், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு ஏறத்தாழ 80 கிலோகிராம் இழுவையைத் தாங்கும் என்பதையும், அதில் 80 விழுக்காடு வரை நிலையாக நீளாது என்பதையும் குறிப்பது. 10.9 என்று எழுதியிருந்த இடத்தில் 8.8-ஐப் பூட்டக் கூடாது. அதே அளவும் அதே தரமும் உள்ளதையே வாங்கிப் பூட்டுக. பிரேக்கும் ஸ்டியரிங்கும் தொடர்பான திருகாணி முறிந்தால், தேர்ந்த மெக்கானிக் பார்க்கும்வரை வண்டியைத் தெருவில் இறக்காதீர்.

பூட்டுமுன் மரையைத் தூய்மை செய்து, சைலன்ஸர் முதலிய சூடேறும் இடங்களில் செம்புத்தூள் கலந்த கிரீஸைச் சிறிது தடவுக. அடுத்த முறை எளிதில் கழலும். ஆயினும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நாம் இறுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்வை வெல்லவே செலவாகிறது. கிரீஸ் அவ்வுராய்வைக் குறைப்பதால், அதே முறுக்கு போல்ட்டை மிகுதியாக நீட்டிவிடும். ஆகவே, காரின் கையேடு கூறாத இடத்தில், குறிப்பாகச் சக்கர நட்டுகளில், கிரீஸ் தடவ வேண்டா.

பதறாத காரியம் சிதறாது என்பது நம்மவர் பழமொழி. துருவேறிய திருகாணிக்கு அது முற்றும் பொருந்தும். சுரங்கப் பட்டறைகளில் நம்மவர் பழகிய தொழிலுக்குக் கை வலிமை மட்டும் போதியதன்று. எப்போது நிறுத்த வேண்டும் என்று அறிந்த கையும் வேண்டியிருந்தது. அத்தொழிலை வீட்டு வாயிலில் கையாள விரும்பும் நேயர்கள் வெள்ளிக்கிழமை இரவு எண்ணெயிலிருந்து தொடங்குவாராக.