விருந்தினரை அவமதிக்கும் குடியிருப்புப் பணியாளர்கள்: சட்ட வழிகள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவரைப் பார்க்க வரும் உறவினரையோ நண்பரையோ வாயிற்காவலர், மேலாளர் போன்ற பணியாளர்கள் தடுத்தாலும் ஏசினாலும் மிரட்டினாலும் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தென்காசி, குற்றாலம் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரையான சாரல் காலத்தில் இச்சிக்கல் எழ வாய்ப்பு அதிகம். ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் குளிக்கச் சொந்தக்காரர்கள் வேன் பிடித்துப் பத்துப் பேராக வந்து இறங்குவார்கள். ஈரத் துணியோடு இரவில் திரும்புவார்கள். வாட்ச்மேனின் எரிச்சல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

வெறும் மரியாதைக் குறைவு குற்றமன்று. கடுகடுப்பாகக் கேள்வி கேட்பதற்கும், பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்வதற்கும், வீட்டுக்காரரிடம் இன்டர்காமில் கேட்கும்வரை நிற்க வைப்பதற்கும் வழக்குப் போட முடியாது. வீட்டுக்காரர் "அனுப்புங்க" என்று சொன்ன பிறகும் தடுத்தால் நிலைமை மாறுகிறது. விருந்தினர் அத்துமீறி நுழைபவர் அல்லர். குடியிருப்பவரின் அனுமதியோடு வருபவர். குடியிருப்பவர் வாடகைக்கு இருந்தாலும் அப்படித்தான்.

எது குற்றம்?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. உரிமையோடு செல்பவரை வழிமறிப்பது அதன் 126-ஆம் பிரிவில் வரும். ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கேட்டைப் பூட்டி வெளியே விடாமல் வைப்பது 127-ஆம் பிரிவு. பொது இடத்திலோ அதன் அருகிலோ ஆபாசமாகத் திட்டுவது 296, மிரட்டுவது 351, சண்டையைத் தூண்டும் நோக்கில் வேண்டுமென்றே அவமதிப்பது 352. பெண் விருந்தினரின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கும் சைகைக்கும் 79-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. நாலு பேர் முன்னிலையில் "திருடன்" என்று சொன்னால் அது அவதூறு (356). இதற்குக் காவல் நிலையம் போய்ப் பயனில்லை, நீதித்துறை நடுவரிடம் தனிப்புகார் தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி விருந்தினரைப் பிறர் காணும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். அதைச் சங்கத்துக்குள் "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று அண்ணாச்சிமார் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை.

புகார் கொடுப்பது

விருந்தினர் இரண்டு நாளில் ஊர் திரும்பிவிடுவார் என்பதுதான் இங்கே உள்ள உண்மையான தொல்லை. காவல்துறை நேரடியாக விசாரிக்கத்தக்க குற்றமானால், நடந்த இடம் எதுவானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. குற்றாலத்தில் வழிமறிக்கப்பட்டவர் மதுரையிலேயே புகார் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். 352 போன்ற சில பிரிவுகளில் நடுவரின் ஆணையின்றிக் காவலர் புலனாய்வு செய்ய இயலாது. எப்படியானாலும் புகார் கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கண்காணிப்புக் கேமராப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அன்றைக்கே நேரத்தைக் குறிப்பிட்டு, அப்பதிவைப் பாதுகாக்கும்படி சங்கச் செயலாளருக்கு எழுத்தில் கேட்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது நிற்காது.

யார் மீது?

வாட்ச்மேன் பெரும்பாலும் குறைந்த சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர். செயலாளர் சொன்னதைச் செய்கிறவர். அவரை மட்டும் வேலையை விட்டு நீக்கச் செய்வது நியாயமாகவும் படவில்லை, அடுத்து வருபவரும் அதையேதான் செய்வார். வேலையின்போது பணியாளர் செய்த தவறுக்கு அமர்த்தியவரும் உரிமையியல் சட்டப்படி பொறுப்பாவார். எனவே அறிவிப்பைச் சங்கத்துக்கும் அனுப்புவது பொருத்தம். காவலர் ஏதேனும் நிறுவனம் அனுப்பியவர் என்றால், 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டப்படி அந்நிறுவனத்துக்கு உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டாலே பல இடங்களில் பேச்சின் தொனி மாறும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி கிடைக்கும்.

பணம் கொடுத்துத் தங்குவோர்

சாரல் காலத்தில் நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகளிலும் காட்டேஜ்களிலும் தங்குவோர் நுகர்வோரும் ஆவர். 2019-இல் கோயம்புத்தூரில் அதிகாரிகள் ஒரு சர்வீஸ் அப்பார்ட்மென்ட்டை மூடி முத்திரையிட்டனர். அங்கே திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்கியது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அவ்வாறு தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று கூறிய சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம். எஸ். ரமேஷ், முத்திரையை அகற்ற உத்தரவிட்டார். அத்தீர்ப்பு அதிகாரிகளின் செயலைப் பற்றியது. ஆயினும், இரவில் கதவைத் தட்டிக் கல்யாணப் பத்திரிகை கேட்கும் மேலாளர் சட்டத்தைத் துணைக்கு அழைக்க முடியாது என்பது அதிலிருந்து தெரிகிறது.

இத்தகையோர், நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. அறை வாடகை ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.