சத்திரத்துத் திண்ணையில் ஒரு நள்ளிரவுத் திருட்டு

நேற்று ராத்திரி ஒரு திருட்டை நடத்திப் பார்த்தேன். திருடனும் நானே, பறிகொடுத்தவனும் நானே. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதால் சிரிப்பை வாய்க்குள்ளேயே அடக்க வேண்டியதாகிவிட்டது.

களம், லினக்ஸில் ‘டெம்ப்’ என்ற அடைவு. ஊர்ச் சத்திரத்துத் திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்கிரிப்ட்டும் வந்து மூட்டையை இறக்கலாம். அதன் அனுமதி எண் 1777. முன்னால் நிற்கிற அந்த 1 தான் ‘ஸ்டிக்கி பிட்’. அடுத்தவர் மூட்டையைத் தூக்கி எறியவோ பெயரை மாற்றவோ அது விடாது. ஆனால் அவர் வருமுன்பே அவர் பெயரில் துண்டு போட்டு வைத்தால்? அதைத் தடுக்காது. கூத்தே அங்கேதான்!

ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. தற்காலிகக் கோப்புக்கு ‘ரிப்போர்ட்’ என்று பெயர் வைத்து, பின்னால் இரண்டு டாலர் குறி ($$) போட்டுவிடுவார்கள். ஓடும்போது அந்த இடத்தில் பிராசஸ் எண் வந்து உட்காரும். ‘யாருக்குத் தெரியப்போகிறது?’ என்ற நம்பிக்கை. ஆனால் நான் எடுத்துக்கொண்ட சோதனை மெஷினில் அந்த எண்ணுக்கு உச்சவரம்பு 32,768. எதற்கு ஊகிக்க வேண்டும்? அத்தனைக்கும் துண்டு போட்டால் போச்சு! சாதாரணப் பயனராக நுழைந்து, ஒரே வரியில் ஒரு ஃபார் லூப். டெம்ப் முழுக்க ரிப்போர்ட், ரிப்போர்ட், ரிப்போர்ட். ஒவ்வொன்றும் சிம்லிங்க், எல்லாமே ரூட் என்ற தலைமைப் பயனரின் வீட்டில் நான் வைத்திருந்த ஒரு ‘முக்கியமான’ கோப்பைக் கைகாட்டுகின்றன.

அப்புறம் ரூட்டாக மாறி, அந்தப் பழைய பழக்கப்படி எழுதிய ஒரு ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டேன். வந்தது பாருங்கள் பதில்: அனுமதி இல்லை! யாருக்கு? ரூட்டுக்கு! அந்த ஊரின் ராஜாவுக்கே கதவடைப்பு. பொதுத் திண்ணையில் வேற்றாள் போட்ட சிம்லிங்க்கைப் பின்தொடராதே என்று தடுக்கும் காவலாளி ஒருவர் 2012இல், 3.6 கெர்னலோடு வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அவரைக் கொஞ்சம் டீ குடிக்க அனுப்பிவிட்டு (அமைப்பில் 1ஐ 0 ஆக்கினால் போதும்) மறுபடி ஓட்டினேன். முக்கியமான கோப்பைத் திறந்தால், உள்ளே நேற்றைய ரிப்போர்ட். பழைய சரக்கு போயே போச்சு.

‘எழுதுமுன் கோப்பு இருக்கிறதா என்று ஒரு இஃப் போட்டுப் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடாதா?’ என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆகாது. பார்ப்பது ஒரு வேலை, எழுதுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கண்ணிமைப் பொழுது திருடனுக்குத் தாராளம். திண்ணை காலியா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பையை எடுக்கத் திரும்புவீர்கள்; அதற்குள் ஒருவர் கால் நீட்டிப் படுத்திருப்பார்.

இதற்கு மருந்து ‘எம்கே-டெம்ப்’ என்ற குட்டி நிரல். 1997இல் ஓப்பன்-பிஎஸ்டி 2.1இல் வந்தது. அதன் உள்வேலையைப் பார்க்க ‘எஸ்-ட்ரேஸ்’ போட்டு எட்டிப் பார்த்தேன். அடடா! பார்ப்பதும் பிடிப்பதும் அங்கே ஒரே கெர்னல் அழைப்பு. ‘இல்லையென்றால் உருவாக்கு, ஏற்கெனவே இருந்தால் தோற்றுப்போ.’ வெறும் சிம்லிங்க் இருந்தாலும் தோல்விதான். தோற்றால் அலட்டிக்கொள்ளாமல் வேறு பெயர் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் வழக்கமாகப் பெயரின் வாலில் பத்து எழுத்து. ஒவ்வொன்றுக்கும் 62 வாய்ப்பு. போடட்டும் துண்டு, எத்தனை போடுவார்கள்! கூடவே அனுமதி 0600, அதாவது சொந்தக்காரர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம். பழைய பாணியில் எழுதினால் பெரும்பாலும் 0644. சம்பளப் பட்டியலை அப்படி வைத்தால் எட்டிப் பார்க்கத் திருடனாகக்கூட இருக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: டிஸ்க் நிறைந்துவிட்டால் எம்கே-டெம்ப்பும் கையை விரிக்கக்கூடும். அப்போது பெயரை வாங்கி வைக்க வேண்டிய மாறியில் எதுவும் இருக்காது. அந்த வெற்று மாறிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, அழிக்கும் கட்டளையான ‘ஆர்எம்’ அடித்தால்... வேண்டாம், ராத்திரி நேரத்தில் அதை நினைக்கவே கூடாது. தோற்றால் அங்கேயே ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிடுங்கள்.

போகும்போது திண்ணையைப் பெருக்க ‘ட்ராப்’ இருக்கிறது. பேஷ் ஷெல்லில் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினாலும் துடைப்பத்தோடு ஓடிவரும். உபுண்டுவின் டேஷ் அப்படியில்லை. அதற்கு சிக்னல் பெயர்களையும் தனியாகச் சொல்ல வேண்டும். ‘கில் மைனஸ் ஒன்பது’ வந்தால் யாருக்கும் துடைப்பத்தைத் தொடக்கூட நேரம் கிடையாது.

அதையும் ஏமாற்ற ஒரு வித்தை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கோப்பைத் திறந்து, 3 என்ற எண்ணில் பிடித்துக்கொண்டு, உடனே ‘ஆர்எம்’ அடித்துவிடுவது! திண்ணையில் பெயர் மறைந்துவிடும், மூட்டை கையில் இருக்கும். எழுதலாம், படிக்கலாம். ‘ப்ராக்’ அடைவில் தேடினால் மட்டும் 3க்கு நேரே அடைப்புக்குறிக்குள் ‘டெலிட்டட்’ என்று நிற்கும். ராத்திரி ஒரு மணிக்கு அந்த ஸ்கிரிப்ட்டை மைனஸ் ஒன்பதால் அடித்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஸ்கிரிப்ட்டும் இல்லை, 3ம் இல்லை, டிஸ்க்கில் அது பிடித்திருந்த இடமும் திரும்பி வந்துவிட்டது.