அழித்த எழுத்து எங்கே போகிறது தெரியுமா?

விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தையும் யாரும் திறக்கலாம். நேற்றைய வடிவம் ஒருபுறம், இன்றையது மறுபுறம்; போனது மஞ்சளில், வந்தது நீலத்தில்! ஆனால் அந்த வண்ணம் பூசும் மென்பொருள், ஒருவர் திருத்தியதைப் பார்க்கவே இல்லை, தெரியுமா? அதன் கையில் இருப்பவை பழைய உரையும் புதிய உரையும் மட்டுமே. வரிசை குலையாமல் இரண்டிலும் ஒத்துப்போவது எது என்று முதலில் தேடுகிறது. மிஞ்சியதைத்தான் ‘அழித்தது’, ‘சேர்த்தது’ என்று காட்டுகிறது. அதாவது, நீங்கள் காண்பது பதிவு அல்ல, ஊகம். எத்தனை துல்லியமான ஊகம்!

இதற்கெல்லாம் மூத்தது ‘டிஃப்’. பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கிய இந்தக் கருவி 1974-ல் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வெளிவந்தது. அப்போது வண்ணம் ஏது? வரியின் தொடக்கத்தில் ஒரு கூர்முனைக் குறி, அவ்வளவுதான். மிகக் குறைந்த திருத்தங்களில் ஓர் உரையை இன்னொன்றாக்கும் வழியை விரைவாகக் கண்டுபிடிக்கும் முறையை யூஜின் மையர்ஸ் 1986-ல் வெளியிட்டார். இன்று நிரலாளர்கள் தங்கள் நிரலின் மாற்றங்களைக் கண்காணிக்க அன்றாடம் புழங்கும் ‘கிட்’ மென்பொருள் இயல்பாகப் பின்பற்றுவது அதைத்தான்.

மீண்டும் விக்கிப்பீடியாவுக்கு வருவோம். தமிழ் விக்கிப்பீடியாவில் ‘தமிழ்’ என்ற ஒரே சொல்லை, இடைவெளிகூட விடாமல் சேருங்கள். வரலாற்றுப் பக்கம் +15 என்று காட்டும்! மூன்றெழுத்துக்குப் பதினைந்தா? அது எண்ணுவது கணினிச் சேமிப்பின் அலகான பைட்டுகளை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எனக் கணினிக்கு அது 5 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு.

எல்லா இடத்திலும் இப்படி வரலாறு கிடைப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். திருத்தப்பட்டது என்ற குறிப்பு மட்டும் தெரியும், பழைய வாசகம் தெரியாது. படிப்பவருக்கு இது போதாது என்பேன்.

வேர்டு நேரெதிர். திருத்தங்களைப் பதிவுசெய்யும் வசதியை இயக்கிவிட்டால், அழித்த சொல் நடுக்கோடு வாங்கிக்கொண்டு கோப்புக்குள்ளேயே இருக்கும். யார், எப்போது அழித்தார் என்பதும் கூடவே இருக்கும். லெபனானின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரிரி கொலை பற்றிய ஐ.நா. விசாரணை அறிக்கை 2005 அக்டோபரில் வேர்டு கோப்பாக வெளியானபோது, கடைசி நேரத்தில் நீக்கிய பெயர்கள் அப்படித்தான் செய்தியாளர்கள் கண்ணில் பட்டன! கோடுகளைத் திரையில் மறைத்தால் மட்டும் அவை போய்விடாது. கோப்பை அனுப்புமுன் எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுக்கொள்ளும் கட்டளையைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள்.