தோசைக்கல்லும் தங்க மோதிரமும்

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். திரையில் 'தங்கம்' என்று காட்டுகிற இடத்தையெல்லாம் தோண்டுகிறேன். குளிர்பான டின்னைத் திறக்கிற வளையம்தான் வருகிறது. கருவி பழுதா? தங்கத்தை மட்டும் காட்டுகிற மாடல் தனியாக இருக்கிறதா?"

கருவி நன்றாகத்தான் வேலை செய்கிறது. கோளாறு, திரையில் 'தங்கம்' என்று எழுதச் சொன்ன வியாபார மூளையில். தங்கத்தை மட்டும் காட்டுகிற டிடெக்டர் சந்தையில் இல்லை. ஏன் இல்லை என்பது அதை விற்பவர்களின் வாக்குறுதியைவிடச் சுவையான கதை.

மாறும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும் என்பது பள்ளிப் பாடம். டிடெக்டரின் தட்டுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள். ஒன்று விநாடிக்குச் சில ஆயிரம் தடவை திசை மாறும் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. மற்றது திரும்பி வரும் பதிலை வாங்குகிறது. பதில் எவ்வளவு பலமாக வருகிறது என்பதோடு கருவி நிற்பதில்லை. எவ்வளவு தாமதித்து வருகிறது என்றும் பார்க்கிறது. அங்கேதான் விஷயம்.

கண்ணைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறீர்கள். யாரோ அடுப்பை ஏற்றி ஏற்றி அணைக்கிறார்கள். மேலே என்ன இருக்கிறது என்று தொடாமல், உள்ளங்கையை நீட்டிச் சொல்ல வேண்டும். மெல்லிய தகரம் என்றால் தீயோடு சுடும், தீயோடு ஆறும். கனத்த தோசைக்கல் காயவும் நேரமாகும். அணைத்த பிறகும் இரண்டு தோசை வார்க்கலாம். சுழல் மின்னோட்டமும் இந்த ரகம்தான். மெல்லிய அலுமினியத் தாளில் கிளம்பிய ஓட்டம் உடனே அடங்கிவிடும். தடித்த வெள்ளி நாணயத்தில் மைக்ரோ விநாடிக் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்; பதிலும் அந்த அளவுக்குப் பிந்தும். திரையில் ஓடுகிற எண் பெரும்பாலும் இந்தப் பிந்தலைத்தான் சொல்கிறது.

கல் இரும்பா அலுமினியமா என்பது உள்ளங்கைக்குத் தெரியாது. பெரிய அலுமினியக் கல்லும் சிறிய இரும்புக் கல்லும் ஒரே நேரத்தில் ஆறினால் கைக்கு இரண்டும் ஒன்றுதான். நகைத் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் கடத்துவதில் கொஞ்சம் மந்தம், ஆனால் மோதிரம் தடிமன். டின் வளையம் நன்றாகக் கடத்தும், ஆனால் மெல்லிசு. தாமதம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. வளையம் வேண்டாம் என்று ஒதுக்கினால் மோதிரமும் சேர்ந்து போகும்.

இரும்பு வேறு சாதி. தானே காந்தமாகிவிடுவதால் அதன் பதில் தனியாகத் தெரியும். அதனால் புதியவர்கள் முதல் வேலையாக 'இரும்பை ஒதுக்கு' பொத்தானை அழுத்துவார்கள். நம் ஒரு ரூபாய் நாணயத்தைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டும். எஃகு! அதுவும் ஒதுக்கப்படும். துருப்பிடித்த சோடா மூடியோ நல்ல நாணயம் போல நடித்துவிட்டு உங்களைத் தோண்ட வைக்கும்.

பழகுவதற்குக் கொல்லைப்புறம் போதும். ஆணி, டின் வளையம், ஒரு ரூபாய், பழைய வெள்ளி மெட்டி என்று தெரிந்த பொருள்களை வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, குச்சி நட்டு, ஹெட்போனில் ஒலியைக் கேட்டுக்கேட்டுப் பழகுங்கள். தட்டு தரைக்கு மட்டமாக, நிதானமாக, முந்தைய வீச்சின் பாதியை மறுபடி தடவியபடி போகட்டும். செம்மண்ணில் இரும்பு ஆக்சைடும், கடலோர ஈரமணலில் உப்பும் தாமே பதில் கொடுக்கும். அந்தப் பதிலைக் கழிக்கக் கருவியில் வசதி இருந்தால், இடம் மாறும்போதெல்லாம் அதைச் சரிசெய்ய வேண்டும்.

வரலாறு வேண்டுமென்றால்: 1881இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இப்படியொரு கருவியோடு போனார். மெத்தையின் எஃகுச் சுருள்கள் குழப்பின. வலப்பக்கம் மட்டும் தேடச் சொன்னார் மருத்துவர். குண்டு இடப்பக்கம் இருந்தது. அதிபர் பிழைக்கவில்லை.

'பத்தடி ஆழத்தில் மோதிரம்' என்கிற விளம்பரங்களுக்கு ஒரே கணக்கு. சுருளின் அளவைத் தாண்டிய ஆழத்தில், போகும் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் தேய்கிறது. திரும்பும் புலமும் அப்படியே. ஆழம் இரண்டு மடங்கானால் பதில் 64இல் ஒரு பங்கு! சின்ன மோதிரத்துக்கு ஓரடி கிடைத்தாலே பெரிது. ஆன்டெனாவை நீட்டினால் தொலைவிலிருந்தே காட்டும் என்பவை சுத்தப் பித்தலாட்டம். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை வெடிகுண்டு டிடெக்டர் என்று ஈராக்குக்கு விற்ற ஆசாமிக்கு 2013இல் லண்டனில் 10 ஆண்டு சிறை கிடைத்தது.

வாசகர் கேட்காத ஒன்று சட்டம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டவே கூடாது. அங்கே ஒரு காசைப் பிடுங்கி எடுத்தால், அது எந்த மண் அடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் அழிந்துவிடும். ஆய்வாளருக்குக் காசைவிட அதுதான் முக்கியம்.