தார் ஊற்றும் முன் தண்ணீரைத் திருப்புங்கள்

இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களுக்கு முதல் மாதங்கள் வளவைத் துப்புரவாக்குவதிலும் கிணற்றை இறைப்பதிலும் கூரையைப் பார்ப்பதிலுமே போய்விடுகின்றன. படலையடிக்கு வரும் பாதை கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். அது நியாயமே. ஆனால் அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும் நாளில் லொறிக்காரர் "உள்ளே வரமாட்டேன், பெரிய வீதிக்குக் கொண்டுவாருங்கள்" என்று சொன்னால், தூக்குகூலியும் உழவு இயந்திர வாடகையும் உங்கள் நெல் விலையிலிருந்தே கழியும். இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிச் செல்ல வேண்டிய பாதையும் அதுவேதான்.

வாகனம் ஓடாத தார்ப்பாதை பழுதாகாது என்று பலர் நினைக்கின்றனர். உண்மை வேறு. வெயிலில் கிடந்து தார் இறுகி நொறுங்கும் தன்மையை அடைகின்றது. மயிரிழை வெடிப்புகள் விடுகின்றன. அவற்றில் புல் வேரோடுகின்றது. பாசிக்குடா, கல்குடாக் கரையோரத்தில் நிலம் மணற்பாங்கானது. மழைநீர் ஓரத்து மணலை அரித்தவுடன் தாரின் விளிம்பு தாங்குதலின்றி உடைந்து விழுகின்றது. ஆகவே இங்கு பாதை பெரும்பாலும் நடுவிலிருந்தல்ல, ஓரத்திலிருந்தே சாகின்றது. பாதையைக் கொல்வது லொறியை விடத் தண்ணீரே.

எனவே கையில் உள்ள சிறு பணத்தில் தார் வாங்குவதற்கு முன், மண்வெட்டியை எடுங்கள். ஒரு மழை விட்டதும் பாதையில் நடந்து, தண்ணீர் தேங்கும் இடங்களைக் கரித்துண்டால் வட்டமிடுங்கள். மழை இல்லையேல் வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். பத்தடி அகலமான பாதையில் நடுப்பகுதி ஓரங்களைவிட ஏறத்தாழ ஒன்றரை இஞ்சி உயர்ந்திருந்தால் தண்ணீர் தானாக வழியும். ஓரத்தில் மண் குவிந்து வரம்பு போல நின்றால் அதை வெட்டி அகற்றுங்கள். அடைபட்ட வாய்க்காலைத் திறந்து, தண்ணீர் போய்ச்சேரும் இடத்தையும் பாருங்கள். அயலவர் வளவுக்குள் திருப்பிவிட்டால் பாதை திருந்தும், உறவு கெடும். உடைந்த விளிம்புகளுக்குக் கிரவல் போட்டு நனைத்து இடித்து இறுக்குங்கள். கடல் மணல் இதற்கு உதவாது. அது ஒட்டிப் பிடிக்காது.

ஒன்றைக் கவனத்திற் கொள்ளுங்கள். நெடுநாள் மூடிக்கிடந்த வாய்க்காலைத் தோண்டும்போது அறியாத உலோகப் பொருள் ஏதும் தென்பட்டால் தொடவேண்டாம். வந்த வழியே திரும்பிப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

அடுத்தது துப்புரவு. புல்லை வேரோடு பிடுங்கி, வெடிப்புகளை இரும்புக் கம்பியால் சுரண்டி, ஈர்க்கு விளக்குமாற்றால் பெருக்குங்கள். எண்ணெய்க் கறையின் மேல் சாம்பல் அல்லது உலர்ந்த மணலைத் தூவி ஒரு நாள் விட்டு அள்ளியபின் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்க்கலாம். மண்ணெண்ணெய், டீசல் இரண்டையும் அருகே கொண்டுவராதீர்கள். 1902 இல் எட்கர் ஹூலி என்பவர் காப்புரிமை பெற்ற தார்ப்பாதை நிலக்கரித் தாரில் ஆனது. நாம் இன்று தார் என்று அழைப்பதோ பெற்றோலிய எண்ணெயிலிருந்து வருவது. மண்ணெண்ணெயும் டீசலும் அதன் உறவினர். அதனால்தான் அவை பட்ட இடம் இளகிப் போகின்றது.

குழி அடைப்பதில் நம்மவர் வழமையாகச் செய்வது சீமெந்தைக் குழைத்து மெல்லியதாகப் பூசிவிடுவது. தார் சற்று வளையும், சீமெந்து வளையாது; சில மாதங்களில் அது தகடாகக் கழன்றுவிடும். வீட்டார் செய்யக்கூடியது குளிர் தார், அதாவது தண்ணீரோடு கலந்து வரும் எமல்ஷன். இதற்கு அடுப்பு வேண்டாம். குழியின் சிதைந்த விளிம்புகளை உளியால் செங்குத்தாக வெட்டி, உறுதியான அடி தெரியும்வரை தோண்டுங்கள். அடி இளகியிருந்தால் கல்லும் கிரவலும் இட்டு இடியுங்கள். தோண்டி எடுத்த பழைய தார்க் கட்டிகளை எறியவேண்டாம்; உடைத்து அடியில் இடலாம். பின்னர் அடியிலும் பக்கங்களிலும் எமல்ஷனை மெல்லியதாகப் பூசி, மண்ணிறம் கறுப்பாக மாறும்வரை காத்திருங்கள். பொறுமையற்றோர் கெடுப்பது இந்த இடத்தில்தான். சிறு கற்சல்லியில் எமல்ஷன் ஊற்றி, எல்லாக் கல்லும் நனையக் கிளறி, ஒவ்வொரு தடவையும் இரண்டு இஞ்சிக்கு மேற்படாமல் நிரப்பி, அடி தட்டையான மரக்குற்றியால் இடியுங்கள். கடைசியில் பாதை மட்டத்திற்குச் சற்று உயர்ந்து நிற்கட்டும். சில்லு ஏற ஏற இறங்கிவிடும். இரண்டடிச் சதுரமும் இரண்டு இஞ்சி ஆழமும் கொண்ட குழிக்கு, ஒரு சீமெந்துப் பையில் மூன்றில் இரண்டு பங்கு கலவை போதுமானது.

தாரைக் காய்ச்சி ஊற்றுவது பழகியவர் வேலை. கொதிக்கும் தாரில் ஈரம் பட்டால் பொங்கிச் சிதறும். தோலில் ஒட்டினால் பிய்க்காமல், இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பாதை முழுவதும் முதலைத் தோல்போல வெடித்திருந்தால் ஒட்டுப்போடுவது வீண் செலவு. தாரைக் கிளறி உடைத்து, கிரவல் சேர்த்து இறுக்கி, நல்ல கிரவல் பாதையாக வைத்திருப்பதே மேல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒழுங்கை பொதுவானதாயின் கைவைக்கும் முன் கோறளைப்பற்றுப் பிரதேச சபையிடம் கேளுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் எழுதினால் கடிதத்துக்குப் பலம் கூடும்.

வேலைக்கு ஏற்ற காலம் ஆடி, ஆவணி. முன்மாரி விதைப்புக்கு முன் முடித்துவிட வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியபின் எமல்ஷன் காயாமலே கழுவுண்டு போகும். புதிய ஒட்டு நன்றாக இறுகும்வரை அதன்மேல் நெல் காயப்போடாதீர்கள். தார் ஒட்டிய நெல்லை ஆலைக்காரர் வாங்கமாட்டார்.